டிரைவருக்குப் போட்ட காப்பி

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே பரீட்சைக்குப் பயந்துதான். எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஒரு காலை அந்தப் பயத்துக்கு நிஜமான காரணமே கிடைத்துவிட்டது.

விடிந்ததிலிருந்து குழந்தை அசையவே இல்லை என்றாள் மனைவி. அரூரில் பஸ் ஏறித் தருமபுரி பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பக்கத்து சீட்டு அம்மா, "சூடா, இனிப்பா எதனா வாங்கிக் குடு சாமி. உள்ள தூங்கறது முழிச்சிக்கும்" என்றார். மொரப்பூரில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பஸ் நின்றதும் குதித்து இறங்கினேன்.

கேட்டருகே இரண்டு காப்பிக் கடைகள். ஒன்றில் மாஸ்டருக்குக் கை பறக்கும். மற்றதில் கிளாஸுக்குக் கிளாஸ் பாலைக் காய்ச்சி, ஆற அமரத்தான் கலப்பார்கள். எங்கள் டிரைவர் அந்த மெதுவான கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் குடித்து முடிக்காமல் பஸ் கிளம்பாது, அவர் பக்கத்திலேயே நின்றால் போதும் என்று நினைத்தேன்.

அங்கே பஸ்காரர்களுக்கு வேறு வேகம் என்பது எனக்குத் தெரியாது. பஸ் தூரத்தில் வரும்போதே அவர்கள் காப்பி தயாராகிவிடும். டிரைவர் உட்காருவதற்குள் கையில் கிளாஸ். கண்டக்டருக்கு இன்னொன்று மூடிவைத்திருந்தது. எனக்கு அப்போதுதான் பாலை அடுப்பில் ஏற்றினார் மாஸ்டர்.

"கொஞ்சம் சீக்கிரமுங்க."

"பாலு பொங்க வாணாமா? நீ மொறச்சா பொங்கிருமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரயில் கடகடவென்று போய் முடிந்தது. கேட் எழும்பியது. பஸ் ஜன்னலில் அவள் வயிற்றில் கை வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். டிரைவர் கடைசி மடக்கில் இருந்தார். பாலோ ஓரத்தில் மட்டும் லேசாக நுரை கட்டியிருந்தது. நிற்பதா, ஓடுவதா?

"அண்ணே, வண்டிய எடுத்துறாதீங்க! வூட்டுக்காரி புள்ளத்தாச்சிங்க. கொழந்த அசையலீங்க!"

என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னாய்யா?" என்ற மாஸ்டர், மூடியிருந்த கிளாஸைத் திறந்து சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினார். டிரைவர் அதை வாங்கி என் கையில் திணித்தார். "கண்டக்டரு இன்னிக்கி ஒருநாளு காயட்டும். ஏறு, ஏறு."

படியில் நின்ற கண்டக்டர், "இது என் காப்பியாச்சே?" என்றார்.

"பேசாம விசில ஊதுய்யா!"

பாதி என் சட்டையில் சிந்தியது. மிச்சத்தை அவள் குடித்தாள். சாலையோரப் புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றும் நடக்கவில்லை.

"அசையுதா?"

"சும்மா இருங்க மாமா."

மறுபடி கேட்க வாயெடுத்தபோது, என் கையை இழுத்து வயிற்றின்மேல் அழுத்திக்கொண்டாள். உள்ளிருந்து ஒரு இடி.

"பஸ்ஸு குலுங்குதோ?" என்றேன்.

"பஸ்ஸு எங்கனா காலால ஒதைக்குமா?" என்றவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசல் வரை நான் கையை எடுக்கவில்லை.