அணையில் சொன்ன ஒரு பொய்

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் செம கூட்டம். அருவியில் தலையை நீட்டக்கூட இடமில்லை. சரி, அணைப் பக்கம் போவோம் என்று வண்டியைத் திருப்பினேன்.

மலையடிவாரத்து அணை. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது. நாம்தான் அதைப் பிக்னிக் ஸ்பாட் ஆக்கிவிட்டோமே... பார்க், ஊஞ்சல், மிளகாய் பஜ்ஜி!

அங்கே ஷட்டர் இயக்கும் மாடசாமி எனக்குப் பல வருடப் பழக்கம். சாரலில் நனைந்தபடி அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். வெளியூர். சிறுமிக்குப் பத்து வயது இருக்கும்.

"ஆறு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரர் இங்க தண்ணியில போயிட்டார். அன்னைக்கு டியூட்டியில இருந்தவரைப் பார்க்கணும்" என்றார் அந்த அம்மா.

மாடசாமி எழுந்து நின்றார். "நாந்தாம்மா."

"நான் அப்ப சாமானை எடுத்து வைக்க வேனுக்குப் போயிருந்தேன். எதையும் பார்க்கல. இவதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ஒரே அடம்."

சிறுமி தரையைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் செருப்பு வேணும்னு அழுததாலதான் அப்பா திரும்பத் தண்ணிக்குள்ள போனாங்களா? அத்தை அப்படித்தான் சொல்றாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு வயதில் அழுததற்குப் பத்து வயதில் விசாரணையா? ஒரு குழந்தையிடம் போய் இதைச் சொல்ல எப்படி மனசு வந்தது?

மாடசாமி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"யாரு தாயி அப்படிச் சொன்னது? பாறை மேல வேற ஒரு ஆளு நின்னுக்கிட்டிருந்தாரு. சைரன் அவரு காதுல விழல. அவரக் கூப்பிடத்தான் ஒங்கப்பா எறங்குனாரு. அந்த ஆளு பொழச்சுக்கிட்டாரு."

"நிஜமாவா?"

"நான் மேல நின்னு பாத்தேம்லா!"

"அவங்க பேர் என்ன?"

ஒரு விநாடி திணறினார். "பேரு... கேக்காம விட்டுட்டேனே தாயி."

அப்போதுதான் அவள் அழுதாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சத்தமாக. அந்த அம்மா மாடசாமியைப் பார்த்துக் கைகூப்பினார். அவருக்குப் புரிந்ததா, இல்லையா... தெரியவில்லை.

அவர்கள் வேன் கிளம்பிய பிறகு கேட்டேன். "நீங்க சொன்னது உண்மையா அண்ணாச்சி?"

தலையை ஆட்டினார் — இல்லை என்று.

"சைரன் ஊதுனேன் சார். எல்லாரும் கரையேறுன பொறவுதான் ஷட்டரத் தெறந்தேன். செருப்ப எடுக்கத்தான் அவரு திரும்ப எறங்குனாரு. பாத்த ஒடனே ஷட்டர எறக்கிட்டேன்... விட்ட தண்ணியத் திரும்பக் கூப்பிட முடியுமா?"

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். சாரல்தான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

"இப்பவும் சைரன் கேட்டு ஏறுதவங்க, போன விட்டுட்டேன், பைய விட்டுட்டேன்னு திரும்ப எறங்குதாங்க சார். அத எழுதுங்க. பேரு மட்டும் போட்டுராதீங்க."

எழுதிவிட்டேன். அணையின் பெயர் இல்லை, அந்த அம்மாவின் ஊர் இல்லை. மாடசாமி என்பதும் அவர் பெயர் இல்லை.

இத்தனை வருடமாக, நாலு பேர் கூடுதலாகப் படிக்க மாட்டார்களா என்ற ஆசையில்தான் எழுதுகிறேன். இந்த வாரம்... ஒரே ஒருத்தி மட்டும் படித்துவிடக் கூடாது!