இரத்தினம்மாவின் தாடை

‘நோயாளி: சிறுவர். தாய், தந்தை அல்லது பாதுகாவலருடன் வரவும்.’ பல் கிளினிக்கில் கொடுத்த அட்டையின் தலையில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பெரியவர்களுக்கென்று தனி அட்டை அங்கே இல்லை. அட்டைக்குரிய சிறுவரான இரத்தினம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. கொண்டையில் பாதி நரை. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பன்விலவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவே வாங்கில் உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருவரின் அம்மா என்று நினைத்துப் பிள்ளைகள் மரியாதையாக இடம் விடுவார்கள். அவர் கொட்டாவி விட்டதும் உள்ளே பற்களில் கம்பியைக் கண்டு மிரண்டு போவார்கள்.

மற்ற நாட்களில் அவர் கண்டிக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் வழியில், ஒரு போட்டோ கொப்பிக் கடை வாசலில் மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி எல்லாவற்றுக்கும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே முத்து முத்தான எழுத்து. “ஒரு கட்டத்தையும் சும்மா வுடக்கூடாதுங்க. எழுத ஒண்ணுமில்லாட்டி கோடாவது இழுக்கணும்” என்பது தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அவர் தினமும் சொல்வது.

காரணம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியான தகப்பனார் கறுப்பையாவின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பம், ஒரு கட்டம் நிரப்பவில்லையென்று திரும்பி வந்ததாம். அதைத் திருத்தி அனுப்புவதற்குள் அவர் இறந்துவிட்டார். பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் இல்லாதவருக்குப் படம் பிடிக்கும் தேவையும் வரவில்லை. ஆகவே அவருடைய முகம் இன்று மகளின் முகத்தில்தான் இருக்கிறது. அதிலும் முன்னே நீண்ட அந்தக் கீழ்த்தாடையில்.

அந்தத் தாடையால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திப்பதில்லை. ரொட்டியைக் கடிக்க முடியாது. பிய்த்து, தேத்தண்ணீரில் நனைத்துத்தான் உள்ளே அனுப்புவார். “நாப்பது வருசமா நான் எங்க தின்னேன், முழுங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்.” பின்னேரமானால் இரண்டு காதோரமும் வலி. அழகைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

இரண்டு வருடமாகக் கம்பி. தாடையை வெட்டிப் பின்தள்ளும் சத்திரசிகிச்சைக்கு முன் பற்களை நேராக்க வேண்டுமாம். பற்கள் நேராக நேராகத் தாடை முன்னைவிட நீண்டு தெரிகிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்கள். இரத்தினம்மா அசரவில்லை. “எந்த ஆபீசுலயும் மொதல்ல கெடுத்துட்டுத்தானே திருத்துறாங்க?”

சத்திரசிகிச்சைக்குப் பின் பல வாரம் வாயைக் கட்டிவிடுவார்கள். அதற்காக இப்போதே கஞ்சியை ஸ்ட்ரோவால் உறிஞ்சிப் பழகுகிறார். வாடிக்கையாளருக்குக் காட்ட மூன்று மட்டைகளும் எழுதியாயிற்று: ‘பிறந்த திகதி?’ ‘மூலப் பிரதி எங்கே?’ ‘நாளைக்கு வாங்க.’ இந்த மூன்றுக்கு மேல் தான் எதுவும் பேசியதில்லை என்பது அவர் கணிப்பு.

சென்ற செவ்வாய்க்கிழமை, பாதுகாவலர் கையொப்பமிடும் கட்டத்தோடு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். அன்றே நிரப்பிக் கொடுத்தால்தான் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைக்கும். அட்டையில் சொல்லியிருக்கிறதே என்று தாய் பேச்சியம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அட்டைக்குக் கீழ்ப்படிந்து வந்த பேச்சியம்மா, படிவத்தைக் கண்டதும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

“அந்த மனுசன் மூஞ்சி ஒங்கிட்ட மட்டுந்தான்டி மிச்சமிருக்கு. அதையும் வெட்டிட்டு வரப் போறியா?”

“அவரு மூஞ்சி வலிக்குதும்மா.”

“அவருக்கு வலிச்சிச்சா? ஒரு நா வாயத் தொறந்து சொல்லியிருப்பாரா?”

“அவரும் ரொட்டிய நனைச்சுத்தானே தின்னாரு?”

பேச்சியம்மாவின் கை முந்தானையை விட்டு வெளியே வரவில்லை.

வரிசை நீண்டுகொண்டிருந்தது. சிங்களத் தாதி எட்டிப் பார்த்துத் தனக்குத் தெரிந்த தமிழில் சமாதானம் சொன்னார்: “அக்கா, நீங்க பெரிய ஆள்தானே. அம்மா சைன் வேணாம். அந்தக் கட்டம் சும்மா வுடுங்க.”

இரத்தினம்மா பையிலிருந்து தன் பேனையை எடுத்தார். பாதுகாவலர் என்ற கட்டத்தில் ‘கறுப்பையா இரத்தினம்மா’ என்று முழுப்பெயரை எழுதிக் கையொப்பமிட்டார். உறவுமுறை என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.