பியானோவுக்குப் போட்ட தோல்

மகள் பழகும் பியானோ பயிற்சிப் பாடத்தை ஏழு பேர் வாசித்த பதிவுகளில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஐந்தாவதில், போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மெத்தென்று ஒலித்த முதல் சுரத்திலேயே, சின்ன வயதில் ஆம்பூர் சர்ச் ஹாலின் ஜன்னல் வழியே வந்த தோல் வாசம் எனக்கு அடித்தது.

அந்த ஹாலின் பழைய பியானோவில் கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரித்துவிட, தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலையிலிருந்த அப்பா, கட்டைவிரலால் தடவித் தடவிப் பொறுக்கிய கையுறைத் தோலை ஒவ்வொரு சுத்தியலுக்கும் அளவாக வெட்டி ஒட்டினார். சுதி சேர்க்க வந்தவர், "இன்னா சார், பியானோவுக்குச் செருப்பு மாட்டிட்டீங்க?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "தொட்டுப் பாருங்க. ஆட்டுக்குட்டித் தோலு" என்றார். ஹாலை இடிக்கும்வரை, தினமும் சாயங்காலம் அதில்தான் வாசித்தேன்.

"இது வேணாம்மா, டல்லா இருக்குது" என்றாள் மகள்.

பதிவின் கீழிருந்த குறிப்பைக் காட்டினேன்: இந்தப் பாடம் எழுதப்பட்ட காலத்து முறைப்படி, சுத்தியல்களுக்குத் தோல் போர்த்திய பியானோ.

"டல்லு இல்ல. ஆட்டுக்குட்டித் தோலு" என்றேன். "உங்க தாத்தா இந்த முறைய யார்கிட்டயும் கேக்காமலே போட்டாரு."