அக்ரிமெண்ட் இல்லாத மேசை

எங்கள் வக்கீல் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாநிலத்தில் புதிதாக வந்த சட்டங்கள், திருத்தங்கள் பற்றி வருடத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது எழுந்து பேச வேண்டும். அங்கே யாருக்கும் உட்கார்ந்து படிக்கப் பொறுமை கிடையாது. எனக்கு வாய் அதிகம் என்பதால் என்னைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திவிடுவார்கள். கடைசியாகப் பேசியதும் நான்தான். பேசித் தொலைத்தேன்.

முதலில் பத்திரப்பதிவு. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். வெள்ளானூர் பக்கம் மனை வாங்கி ஏமாந்தவர்கள் எல்லாம் மனுவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் அந்த அதிகாரமே செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாவம், மறுபடியும் சிவில் கோர்ட் படிதான் ஏற வேண்டியதாயிற்று. அடுத்து, கடன் வசூல் என்று வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறவர்களுக்கு எதிராக வந்த சட்டம். கடைசியாக வாடகைச் சட்டம். அதில்தான் நான் ஆடித் தீர்த்தேன். “பழைய வாடகைக் கட்டுப்பாடு போயே போச்சு. எழுதி, பதிவு பண்ணின ஒப்பந்தம் இல்லையா? அது ஒண்ணே போதும், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாம். நாங்க அண்ணன் தம்பியாப் பழகினோம்னு ஜட்ஜ்கிட்ட சொன்னா எடுபடாது” என்றேன். கை தட்டினார்கள்.

முன் வரிசையில் என் தோழி கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சு நாங்கள். பூந்தமல்லியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, ஒரே அறையில் இரண்டு மேசை போட்டுத் தொழில் ஆரம்பித்தோம். ஜன்னல் ஓரம் அவள் மேசை, சுவர் ஓரம் என் மேசை. அண்ணனூரிலிருந்து நான் ஸ்கூட்டரில் வருவேன், ஆவடியில் அவளை ஏற்றிக்கொள்வேன். என் பிரசவத்துக்கு என் மாமியார் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றவள் அவள். அவளுடைய விவாகரத்து வழக்கை நடத்தியது நான். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

அந்த அறைக்கு ஒப்பந்தம் கிடையாது. ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிற இரண்டு வக்கீல்கள் வாய்வார்த்தையில் குடியிருந்தோம். சிரிக்காதீர்கள். சங்கத்தில் நான் பேசுவதற்கு வெகு முன்னால், வாடகைச் சட்டம் வந்த புதிதில், கீழே கடை வைத்திருக்கும் ஓனரே மேலே ஏறி வந்து கேட்டார்.

“இன்னா மேடம், வாடகைக்கு எழுதிகினு பதிவு பண்ணணுமாமே? நாமளும் பண்ணிக்கலாமா?”

நான் சரியென்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். “அண்ணாத்தே, ரெண்டு வக்கீல் உக்காந்துகினு கீறோம், எங்ககிட்டயே அக்ரிமெண்டா? எங்களைத் தெருவுல நிறுத்திடுவீங்களா என்ன?”

“அய்ய, இன்னா பேச்சு இது! நீங்க நம்ம ஊட்டுப் பொண்ணுங்க” என்று அவர் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். வக்கீல்களுக்கே வருகிற திமிர் அது. அடுத்தவன் வீட்டுக் கூரையில் ஓட்டை எங்கே என்று பார்த்துச் சொல்வோம், நம் தலையில் சொட்டுவது தெரியாது.

அதே ஓனர்தான் சமீபத்தில் அறையைக் காலி பண்ணச் சொல்லி என்மேல் வழக்குப் போட்டார். அவருடைய மருமகன் ஜெராக்ஸ் கடை வைக்க வேண்டுமாம். கோர்ட் பக்கத்தில் ஜெராக்ஸுக்கு இருக்கும் மவுசு வக்கீலுக்கு இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அறை போனால் எனக்குத் தொழில் போன மாதிரி. பட்டாபிராமிலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும் வருகிற பெண்களுக்கு என் பேர்கூடத் தெரியாது. “ஹார்டுவேர் கடை மேல ஒரு வக்கீலம்மா” என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லித்தான் வருகிறார்கள்.

எங்கள் கோர்ட்டில், உள்ளூர் வக்கீலுக்கு எதிராக இன்னொரு உள்ளூர் வக்கீல் வக்காலத்துப் போடமாட்டார். எழுதாத சட்டம் அது. அதனால் ஓனர் பட்டணத்திலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார். அதைப் பார்த்து எனக்கே ஒரு தெம்பு வந்தது. நம்மாட்கள் நம் பக்கம்தானே!

வாய்தாவன்று காலை வழக்கம்போல ஆவடியில் அவளை ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டே வந்தேன். “நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்காம என்மேல மட்டும் கேஸ் போட்டிருக்கான் பாரு. அதுல பிடிக்கிறேன்டி அவனை!”

“ம்” என்றாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் என் வழக்கை நானே பேசினேன். ஒரே அறை, இரண்டு பேர், இருவருக்குமே ஒப்பந்தம் இல்லை. அப்படியிருக்க என்னை மட்டும் குறிவைப்பது உள்நோக்கம் என்று அடித்துப் பேசினேன். பட்டணத்து வக்கீல் நிதானமாக எழுந்தார்.

“எதிர்மனுதாரர் தவறாகச் சொல்கிறார். ஜன்னல் பக்கத்துப் பாதிக்கு, அவருடன் இருக்கும் வழக்கறிஞரோடு பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கிறது. இவருக்கு மட்டும்தான் இல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களிடம் ஒப்பந்தம் இருக்கிறதா, மேடம்?” என்று நீதிபதி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அதே கேள்வியைக் கேட்டு எத்தனையோ கட்சிக்காரர்களை நான் திட்டியிருக்கிறேன். “இல்லை” என்றேன். உத்தரவுக்குத் தேதி போட்டார்கள். என்ன உத்தரவு வரும் என்பது எனக்குத் தெரியாதா? நான்தானே சங்கத்தில் வகுப்பெடுத்தேன்.

வண்டி நிறுத்தும் இடத்தில் எனக்கு முன்னால் போய் அவள் நின்றிருந்தாள். அடித்துவிடுவேனோ என்று பயந்து, வண்டிச் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

“எப்படி எழுதிக்கிட்ட?”

“நீ சங்கத்துல பேசினல்ல, அதைக் கேட்டுப் பயந்துட்டேன்டி. மறுநாளே அண்ணாத்தேகிட்ட போய்க் கேட்டேன். பாதி ரூமை மருமகனுக்கு விடணும், ஒருத்தருக்குத்தான் எழுதித் தருவேன்னுட்டாரு. எனக்கு வேற யாருடி இருக்கா? உனக்காவது புருஷன் சம்பாத்தியம் இருக்கு.”

“அவர் எழுதிக்கலாம்னு தானா வந்து கேட்டப்ப, வேணாம்னு சிரிச்சது யாரு?”

அவள் கறுப்புக் கோட்டைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள்.

“சரி விடு. இத்தனை நாள் என் பின்னாடிதானே உக்காந்து வந்த? இன்னிக்குக் காலையிலகூட வந்தியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி?”

அவள் அழுதுகொண்டிருந்தாள். பொய் அழுகை இல்லை, எனக்கு அவள் அழுகை தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“சொன்னா, நீயும் போய்க் கேட்டிருப்பியே.”

அவள் சாப்பாட்டுப் பை என் வண்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறப் பக்கத்தில் வந்தாள்.

“பஸ்ல போடி” என்றேன்.