புதுப் பெயர் மாட்டிய சர்வர்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் கடைப் பின்னறையில், கழற்றிப்போட்ட கம்ப்ரசர்களுக்கு நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர் இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குகள் இணையத்தில் பேசிக்கொண்டிருந்த குழுவைப் பெரிய கம்பெனி ஒன்று காரணம் சொல்லாமல் மூடிவிட, அந்தக் கோபத்தில் அவர் சொந்தமாக வைத்த சர்வர் அது; சேர்ந்தவர்கள் எழுதுவதையும் போடும் படத்தையும் வாங்கி வைத்து மற்றவர்களுக்குக் காட்டும். எவன் தயவும் வேண்டாம் என்று தொழில்காரர்களை அதற்குக் கூட்டிவந்தார். ஊர் ஊராக மற்றவர்கள் வைத்திருந்த சர்வர்களோடும் அது பேசும்; இங்கே எழுதியதை அங்கே உள்ளவர்களும் படிக்கலாம்.

வைத்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. இங்கே ஒருவன் வெளியூர் ஆளைப் பின்தொடர்ந்தால் போதும், அந்த ஆள் போடும் படமெல்லாம் இவர் டிஸ்கில் வந்து குந்திக்கொள்ளும். முன்பின் தெரியாதவன் வீட்டுப் பூனைக்கும் இவர்தான் இடம் கொடுக்க வேண்டும். டிஸ்க் வாங்கினார், நிரம்பியது, இன்னொன்று வாங்கினார். கரண்ட் போனால் சாப்பாட்டுக் கையோடு கடைக்கு ஓட்டம். எவனோ எவனையோ திட்டினால் பஞ்சாயத்தும் இவர் தலையில். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இப்படி ஓடியதில்லையே என்று மனைவி கேட்டாள்.

சர்வரின் இணைய முகவரியாக இருந்த பெயருக்கு வருடக் கட்டணம் ஏறியபோது, அதை விட்டுவிட்டு மலிவான வேறொரு பெயரை வாங்கி மாட்டினார். கடை இடம் மாறினால் புது போர்டு மாட்டுகிறோம், வாடிக்கை தானாக வருகிறது, அப்படித்தான் நினைத்தார். ஆனால் மற்ற சர்வர்களுக்குப் பெயர்தான் ஆள். ஒரே நாளில் இவர் சர்வரில் இருந்த அத்தனை பேரும் அந்நியராகிவிட்டார்கள். எழுதுவது எதுவும் வெளியே போகவில்லை. திரும்பலாமென்றால் பழைய பெயரை ஆன்லைன் சூதாட்டக்காரன் ஒருவன் பிடித்துக்கொண்டு, அந்தப் பெயரிலேயே ஊரெல்லாம் விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தான். மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

மிஞ்சியது மச்சான். மனைவியின் தம்பி, லிஃப்ட் வேலையில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனவன். படுக்கையில் அவனுக்கு இந்தச் சர்வர் வழியாகக் கிடைத்த வெளியூர்ச் சிநேகிதர்கள்தான் உலகம். அவன் விடாமல் எழுதினான். பதில் வரவில்லையே என்று கேட்டபோதெல்லாம் ரிப்பேர், சரியாகிவிடும் என்று மெக்கானிக் சமாளித்துக்கொண்டே வந்தார். கடைசியில் அதை நம்பாமல் அவனே போன் செய்தான்.

"மாமா, நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா? ஒருத்தனும் பேச மாட்டேங்குறான்."

"உன் மேல யாருக்கும் கோபமில்லடா. நீ எழுதினது வெளியவே போகல. நான்தான் பேரை மாத்திக் கெடுத்துட்டேன்."

வேறு சர்வரில் புதிதாகச் சேர்ந்து அவர்களைத் தேடலாமே என்றும் சொல்லிப்பார்த்தார். சூதாட்டக்காரன் தொல்லைக்குப் பிறகு, நான்தான் அவன் என்று வந்து நிற்பவனை எவன் நம்புவான் என்றான் மச்சான்.

"அப்ப இத்தனை நாளா நீங்க ஒருத்தர்தான் படிச்சீங்களா?"

"ஆமாடா."

"நீங்களாவது பதில் போட்டிருக்கலாம், மாமா."

அதன்பின் அவன் எழுதவில்லை. மறுநாள் கம்ப்யூட்டரை நிறுத்தப் போன மெக்கானிக், நிறுத்தாமல் அதன் முன்னால் உட்கார்ந்தார். பெயர் மாற்றிய பிறகு மச்சான் எழுதியதில் முதலாவதை எடுத்தார். வலது கால் கட்டைவிரல் அசைகிற மாதிரி இருக்கிறது, யாருக்காவது இப்படி இருந்து நடந்திருக்கிறதா என்று கேட்டிருந்தான். அதன் பிறகு, இனி அசையாது என்று டாக்டர் சொல்லியே மாதங்கள் ஆகிவிட்டன. அதற்குக் கீழே பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தார்.