எங்களுக்கு மட்டும் வந்த புகை

இரண்டாம் அலையில் எனக்குக் கொரோனா வந்தது. தாம்பரத்தில் எங்கள் வீட்டிலேயே படுத்திருந்து எழுந்தேன். குணமாகிவிட்டது என்றார்கள். மூக்கு மட்டும் செத்துக் கிடந்தது. மல்லிகைக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் வாசனை திரும்பியது. சந்தோஷத்தோடு சமையலறைக்கு ஓடினேன். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. ஆனால் வீடு முழுக்க முடி பொசுங்கும் நாற்றம்.

என் கணவர் ஸ்விட்ச் போர்டுகளை எல்லாம் கழற்றிப் பார்த்தார். மோட்டாரை முகர்ந்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். நாற்றம் அவர் கழுத்திலிருந்து வந்தது.

அதை எப்படி அவரிடம் சொல்வது? முதுகு வலிக்கிறது என்று ஹாலில் பாயை விரித்துப் படுக்க ஆரம்பித்தேன். காப்பியிலும், வெங்காயம் வதக்கும்போதும், துவைத்துக் காய்ந்த புடவையிலும் அதே பொசுங்கல். மூக்கில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை, நாளாக ஆகச் சரியாகும் என்றார் டாக்டர். தினமும் கிராம்பையும் எலுமிச்சையையும் முகர்ந்து பழகச் சொன்னார். இரண்டும் பொசுங்கின. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் ஆபீசில் எனக்கு வேலை. இன்னுமா கொரோனாவைப் பற்றிப் பேசுகிறாய் என்று அங்கே சிரித்தார்கள். நானும் பேசுவதை விட்டுவிட்டேன்.

வேலைக்கு ரயிலில்தான் போய்வருவேன். ஒருநாள் காலை, வண்டலூர் தாண்டியதும் பெட்டிக்குள் திடீரென்று அந்த நாற்றம் அடர்ந்து வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். எதிர் சீட்டில் இருந்த பெண்ணும் அதே நொடியில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். சுற்றிலும் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டும் பூ கட்டிக்கொண்டும் சாதாரணமாக இருந்தார்கள். எங்கள் இருவர் கண்களும் புகை எங்கே என்று ஒரே ஜன்னலுக்குப் போயின. வெளியே வெறும் வெயில்.

"அக்கா, உங்களுக்கும் வருதா?" என்று கேட்டாள்.

"முடி பொசுங்குற மாதிரி," என்றேன்.

அவள் பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு வார்டன். கொரோனாவுக்குப் பிறகு அவளால் ஒரு மாடி ஏறி முடிக்க முடியவில்லை, நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து, நாற்றத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்றாள்.

அன்றிலிருந்து சேர்ந்தே போனோம். ஒருமுறை, பேசாமல் இருப்போம், நாற்றம் வந்ததும் விரலைத் தூக்கிக் காட்டுவோம் என்று வைத்துக்கொண்டோம். கண்களையும் மூடிக்கொண்டோம். ஊரப்பாக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது. கண் திறந்தபோது அவள் விரலும் உயர்ந்திருந்தது. மறுநாளும் அப்படியே. இரண்டு பேர் மூக்கில் இருக்கும் பழுது எப்படி ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் விழித்துக்கொள்ளும்? அந்தக் கேள்வியை நாங்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளவே இல்லை. பயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் எனக்குத் துணை இருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம். வழக்கமான இடத்தில் பெட்டி முழுக்கப் பொசுங்கியது. எனக்குக் கண்ணீரே வந்தது. விரலைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன். அவள் கை மடியிலேயே கிடந்தது.

"எனக்கு ஒண்ணும் வரலையேக்கா," என்றாள் மெதுவாக. அன்று காலை காப்பி காப்பியாகவே மணந்ததாம். என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறாள். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள்.

பொத்தேரியில் அவள் இறங்கிப் போனாள். அவ்வளவு கூட்டத்தில், அந்த நாற்றத்துக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்றம் அவரிடமிருந்தும் வருவதை முதல்முறையாகச் சொன்னேன்.

அவர் டிவியை அணைத்தார். "தெரியும். நான் கிட்ட வந்தா நீ மூச்சைப் பிடிச்சிக்கிற," என்றார்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முடி பொசுங்கியது. நான் மூச்சைப் பிடிக்கவில்லை.