காலியாக விட்ட பாடு

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலம். மழை ஓய்ந்து, முகத்துவாரம் திறந்து, ஏரிக்குள் இறால் ஏறும் மாதம் அது. பழவேற்காட்டுக்கு எதிர்க்கரையில் இருந்த எங்கள் குப்பமே சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் சாராயத்தைக் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்தார்.

கெட்ட மனுஷன் இல்லை. கப்பல் சரக்கு இறக்கும் கூலிக்குப் போன இடத்தில், உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தது. வலி போய்விட்டது, குடி போகவில்லை.

எங்கள் ஏரியில் இறால் ஓடும் இடம் கொஞ்சம்தான். நினைத்தவன் நினைத்தபடி அங்கே வலை கட்ட முடியாது. கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் முறை வைத்து இடம் கொடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர்; ஒரு சுற்றில் ஒருவனுக்கு இரண்டு மூன்று பாடு வரும். ஒருவன் தொடர்ந்து வராவிட்டால் அவன் பாடு போய்விடும். அவன் பிள்ளைக்கும் அது கிடைப்பது கஷ்டம். அப்படிப் போய்விடக் கூடாதே என்று என் கொழுந்தன் அண்ணன் பாட்டையும் தானே கட்டினான். கிடைத்த இறாலைக் கூடையோடு என் வாசலில் வைத்துவிட்டுப் போவான். தங்கமான பிள்ளை.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? இவர் மத்தியானம் எழுந்து, கூடையில் பாதியை அள்ளிக்கொண்டு நேரே சாராயக் கடைக்குப் போவார். மீதியை நான் குழம்பு வைத்தால் உட்கார்ந்து சாப்பிடுவார். பாடும் நடக்கிறது, சோறும் கிடைக்கிறது, போதையும் குறையவில்லை. மனுஷன் எழுந்திருக்க என்ன அவசரம்? ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னாடி, இந்தத் தடவ இறால் பொடியா கீது"னு குறை சொன்னார். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது.

மறுமுறை கூடை வந்ததும் அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கொழுந்தன் வீட்டில் வைத்தேன்.

"இனிமே உங்க அண்ணன் பாட்ட நீ கட்டாத."

"இன்னா அண்ணி இப்டி சொல்ற? பாடு போயிடுமே. புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

"புள்ளைங்களுக்கு நான் கீறேன். தலையில கூடை தூக்கறதுக்கு எனக்குத் தெம்பு கீது. அவரு பாட்ட அவரே கட்டட்டும்."

அதோடு நிற்காமல் ஊர்ப் பெரியதனக்காரரிடமும் போனேன். பாடு பேசப் பெண்பிள்ளை வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவர் முகம் சுளித்தார். சுளித்தால் சுளிக்கட்டும் என்று கேட்டே விட்டேன். என் வீட்டுக்காரர் இடத்தில் அவர் தம்பியும் கட்ட வேண்டாம், அடுத்த முறைக்காரனும் கட்ட வேண்டாம், காலியாகவே கிடக்கட்டும் என்றேன். பெரியவர், "இந்தச் சுத்து முடியற மட்டும் உடறேன். அப்பவும் வர்லன்னா பாட்ட எடுத்துடுவேன். அப்பால என்கிட்ட வந்து அழாதம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் பாடு வந்த அன்று, வரிசையாகக் கழி நட்டு வலை கட்டியிருந்த தண்ணீரில் எங்கள் இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அதில் இறால் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த லட்சுமியை எட்டி உதைக்கிறாள், புருஷன் மேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள் வயிற்றில் காட்டுகிறாள் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பாடு போய்விட்டால் என் பையன் நாளைக்கு எவன் வலையையாவது இழுத்துக் கூலிக்காரனாகத்தான் நிற்க வேண்டும். அது தெரிந்துதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் எழுந்தவர் வாசலில் கூடையைத் தேடினார். "என் பங்கு எங்க?" என்று கத்தினார்.

"தண்ணியில கீது. போயி எடுத்துக்கோ" என்றேன்.

பானையை உடைத்தார். நான் அசையவில்லை. பிறகு கரைக்குப் போனவர், அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வந்தவர் சாராயக் கடைப் பக்கம் போகவில்லை. அதற்கப்புறம் சில நாள் கை கால் உதறி, வியர்த்து, வாந்தி எடுத்துக் கிடந்தார். நான் பக்கத்திலேயே இருந்து கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். கஞ்சிக்கு நான் கணக்குப் பார்த்ததே இல்லை.

அந்தச் சுற்றில் அவருக்கு மிச்சமிருந்த கடைசிப் பாடும் வந்தது. விடிந்ததும் நான் எழுப்பவில்லை. அவராகவே எழுந்து கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னாலேயே போனேன். ஊரே கரையில் நின்றது. படகை இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கழி ஊன்றினார்; கை நடுங்கி முதல் கழி சாய்ந்தது. மறுபடியும் ஊன்றினார், மறுபடியும் சாய்ந்தது. கொழுந்தனுக்குத் தாங்கவில்லை, தண்ணீரில் இறங்கினான். நான் அவன் கையைப் பிடித்தேன். "படகப் புடிச்சிக்கோ. கழியத் தொடாத" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சொன்னபடியே படகு ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான், அண்ணன் அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு கழியாக அடித்து முடித்தார். மற்றவர்கள் கட்டி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் எங்கள் வலை நின்றது.

இறால் ஒன்றும் அள்ளிக் கொட்டவில்லை, கூடையின் அடி மறைந்தது, அவ்வளவுதான். அதை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். என் சின்னப் பெண், "நைனா நீயே புடிச்சியா?"னு கேட்டாள். மனுஷன் குழந்தை முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

அன்றோடு குடியே நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். அப்புறமும் இரண்டொரு தடவை விழுந்தார். அப்போதெல்லாம் அவர் இடம் காலியாகக் கிடந்தது, அவரே எழுந்து வந்து கட்டினார். போன வருஷம் என் பையனுக்குக் கல்யாணமாகி அவனுக்கும் தனிப்பாடு கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் குடித்து விழுந்தவன் யாராவது என் வாசலுக்கு வந்தால் சோறு போடுகிறேன், காய்ச்சல் என்றால் கஷாயம் வைக்கிறேன். அவன் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் போய் நிற்க மாட்டேன், வேறு யாரையும் நிற்க விடவும் மாட்டேன்; அவன் திரும்பி வரும்போது அந்த இடம் அவனுக்கு இருக்க வேண்டும்.